பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே

பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் முப்பத்திரண்டரை மில்லிமீட்டர் வந்தது. வரவேண்டியது பதினொன்று.

அவன் அளக்கிற காலிப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். அதேதான் வந்தது. மேசை விளக்குக்குக் கீழே, இன்னும் கூரை போடாத கார் அரை மீட்டர் நீளத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. பசையின் காட்டமும் உப்புத்தாளில் தேய்த்த பிளாஸ்டிக் தூளின் நெடியும் அந்தச் சின்ன அறையை நிறைத்திருந்தன. மேலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முன்சீட்டு இரண்டு, பின்சீட்டு, அதற்கப்புறம் டிக்கி. ஆனால் பின்சீட்டின் முதுகுக்கும் டிக்கியின் முன்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்திருந்தது. அதற்குக் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. நாலு பக்கமும் மூடிய ஓர் அறையாக அது இருந்தது.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும், நேரே வந்து சண்டை பிடிப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் விடாது. நிஜக் காரை டேப் வைத்து அளந்து, எல்லா அளவையும் எட்டால் வகுத்து, பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டுவதுதான் அவன் பொழுதுபோக்கு. பெட்டியில் அடைத்து விற்கிற மாடல்களை அவன் கையால்கூடத் தொடமாட்டான். இதுவரை ஐந்து கார் செய்து முடித்திருந்தான். இது ஆறாவது, அவர்களுடைய சொந்தக் கார். நான்கு மாதத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அடுத்த மாதம் மகளுக்கு எட்டு வயது முடிகிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

"நம்ம காரே செய்யிப்பா. பின்னாடி நான் உக்காந்திருக்கணும்," என்று கேட்டிருந்தாள். அதற்காக அவளையும் நாற்காலியில் உட்கார வைத்து, கூச்சத்தில் நெளிய நெளிய, உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

வேறு யாராவது என்றால் சந்தில் பட்டியை அப்பி மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். கூரை போட்ட பிறகு யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அவனுக்கு அது ஒத்துவராது. இங்கே இருபத்தொன்றரை மில்லிமீட்டர் அதிகம் என்றால் நிஜக் காரில் பதினேழு சென்டிமீட்டர் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு அளந்தால்கூட அவ்வளவு தப்பு வராது.

"இடைவெளியா? நானும் நாள் முழுக்க அதைத்தாங்க பாக்கறேன், பல்லுக்கு நடுவுல," என்றாள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற அவன் மனைவி, அறை வாசலில் நின்றபடி. "அடைச்சுட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்."

"நான்தான் தப்பா அளந்திருக்கேன்."

"நீங்களா? அப்ப இன்னிக்கு மழைதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனான். அடுக்குமாடியின் அடித்தளத்தில் கார் நிற்கும் இடத்துக்கு வெயில் என்பதே கிடையாது. ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள், ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் தானாக அணைந்துவிடும். உள்ளே டேஷ்போர்டிலிருந்து பின்சீட்டின் முதுகு வரை அளந்தான். டிக்கிக்குள் பின் விளிம்பிலிருந்து முன்சுவர் வரை அளந்தான். வெளியே முழு நீளத்தையும் அளந்து, கழித்துப் பார்த்தான். போன வார அளவுப்படி நிஜக் காரில் அந்தச் சந்து இருபத்தாறு சென்டிமீட்டர். இப்போது இருபத்தேழு.

டிக்கிக்குள் குனிந்து முன்சுவரை விரலால் தட்டினான். உள்ளே காலியாக இருந்தால் கும்மென்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. ஈரத்தலையோடு படுத்து எழுந்த தலையணையின் வாடை மட்டும் அங்கிருந்து வந்தது. அவன் காதை அந்தச் சுவரின் அட்டையின்மேல் வைத்தான். எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் ஓசை, லிப்ட்டின் முனகல், தூரத்துத் தெருவின் ஹாரன் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப் போக, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தான். விளக்கு அணைந்தது. இருட்டில் காதுக்கு அடியில் அட்டை லேசாக வெதுவெதுப்பாக இருந்தது.

விளக்கு எரிந்தது. அவன் அசையவே இல்லை.

படியேறி வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு, பூனை ஏதாவது குறுக்கே ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவனே நம்பவில்லை.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் வாலு பின்னாலிருந்து சிணுங்கினாள்.

"அப்பா, முட்டி இடிக்குது. காலை ஆட்டவே முடியல."

"பொண்ணு வளர்றா," என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி. "வேற என்ன, காரா சுருங்குது?"

"சீட்டு வேற சூடா இருக்கு."

"வெயில்டி."

ராத்திரி முழுக்க அடித்தளத்தில் நின்ற காரில் ஏது வெயில் என்று அவன் கேட்கவில்லை. கார் வாங்கிய புதிதில் அவள் கால்கள் சீட்டின் நுனியில் தொங்கி ஆடிக்கொண்டே வந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலம் அளந்தபோது முப்பத்தொன்று. வியாழக்கிழமை முப்பத்துநான்கு. தினமும் மேலே வந்து மாடலின் சீட்டைப் பெயர்த்து, புது அளவுக்கு நகர்த்தி ஒட்டினான். தினமும் அந்தக் கதவில்லாத அறை பெரிதாகிக்கொண்டே வந்தது. கடையில் ஒருவருடைய இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் கீழே போய் அளக்கத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மெக்கானிக்கை வரவழைத்தான். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாமல் பேசுகிறவர்.

"இவ்வளவுதானே சார்," என்று பக்கவாட்டு லிவரை இழுத்துப் பின்சீட்டின் முதுகை முன்னால் மடித்துப் போட்டார். டிக்கி வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. பின்பக்கம் சுற்றிப் போய் டிக்கிக்குள் கையை விட்டு, காருக்குள் உட்கார்ந்திருந்த அவனுக்கு டாட்டா காட்டினார். "சீட்டு, ஒரு அட்டை. முடிஞ்சுது. எலிகூட இல்ல. வீட்டுல நிம்மதியாத் தூங்குங்க."

"மூடிட்டு டேப்போட அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கண்ணே."

சீட் நிமிர்ந்து டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டு பேருமாக அளந்தார்கள். மெக்கானிக் தானே கழித்துப் பார்த்தார். டேப்பை வாங்கித் தானே ஒரு தரம் அளந்தார். பேச்சு நின்றது.

"டேப்பு இழுத்துப் போயிருக்கும் சார்," என்றார். சொல்லும்போது சீட்டைப் பார்க்கவில்லை. அவசர வேலை இருக்கிறதென்று கிளம்பியவர் ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். போன் செய்தும் எடுக்க வரவில்லை.

திறந்தால் ஒன்றும் இல்லை. மூடினால் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கிறது.

"வாலுவை இனிமே அந்தக் கார்ல ஏத்தாத," என்றான் இரவுச் சாப்பாட்டின்போது.

"ஏன்?"

"பின்னாடி வேண்டாம். முன்னாடியாவது உக்கார வை."

"இந்த வயசுல முன்னாடி உக்கார வச்சா போலீஸ் என்னைப் பிடிக்கும். என்னங்க ஆச்சு உங்களுக்கு? மெக்கானிக் திறந்து காட்டினாரா இல்லையா?"

"காட்டினார்."

"உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

சொன்னால் பைத்தியம் என்பாள். சொல்லாவிட்டால் பிள்ளை அந்தச் சீட்டில் உட்காருவாள். மனைவி தூங்கப் போன பிறகு கடைசியாக ஒரு தரம் கீழே போய் அளந்துவிட்டு வந்தான். நாற்பது. கார் சாவியைப் பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். விடிகிற வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்து, விடிந்த பிறகு அயர்ந்துவிட்டான்.

கண் விழித்தபோது மணி பத்தே முக்கால். வீட்டில் சத்தம் இல்லை. சனிக்கிழமை, வாலுவுக்கு நீச்சல் வகுப்பு. இழுப்பறையைத் திறந்தான், சாவி அங்கேதான் இருந்தது. சமையலறைக்கு ஓடினான். மாற்றுச் சாவி தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

போன் அடித்தான். எடுக்கவில்லை. காரோட்டும்போது அவள் எடுக்கமாட்டாள், அதில் கறார். மறுபடி அடித்தான். கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தான். மேசையில் நோட்டு விரிந்து கிடந்தது. இடது பக்கத்தில் சந்தின் அளவுகள், நாள்வாரியாக. இருபத்தாறு, இருபத்தேழு, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு, நாற்பது. வலது பக்கத்தில் வாலுவின் அளவுகள். உயரம். தோள் அகலம். அடுத்த வரி, உட்கார்ந்த நிலையில் முதுகிலிருந்து முட்டி வரை.

நாற்பத்தொன்று.

இரண்டு பக்கத்தையும் அவன் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

லிப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. செருப்புப் போடவில்லை. நான்கு மாடியும் படி வழியாகவே இறங்கினான்.

கார் அப்போதுதான் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் இடத்தில் நின்றது. மனைவி இறங்கினாள்.

"ஏங்க, இந்தக் கோலத்துல இங்க என்ன பண்றீங்க? மெதுவா. தூங்கிட்டா போல. பாதி வழியிலேருந்து சத்தமே இல்ல."

அவன் பின்கதவைத் திறந்தான்.

சீட் பெல்ட் பூட்டியிருந்தது. தளர்ந்துகூட இல்லை. அதற்குள் யாரும் இல்லை. சீட்டில் ஈரத் துண்டு. கீழே சின்னதாய் இரண்டு செருப்பு.

"நான் எங்கயும் நிறுத்தல," என்றாள் மனைவி. "ஏங்க. நான் எங்கயுமே நிறுத்தல."

அப்போது சீட்டின் முதுகுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சின்னக் கை. விரித்த உள்ளங்கை.

அவன் லிவரை இழுத்தான். சீட் மடிந்து விழுந்தது. மனைவி ஓடிப்போய் டிக்கியைத் திறந்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் மனைவியின் முகம் தெரிந்தது. தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

நிமிர்த்தினான். உள்ளே வாலு தட்டினாள்.

மடித்தான். இல்லை.

நிமிர்த்தினான். இப்போது இரண்டு கையாலும் தட்டினாள்.

"திறங்க!" மனைவி அவன்மேல் விழுந்து லிவரைப் பிடித்தாள். "உடைங்க! உடைச்சுத் திறங்க!"

"திறந்தா இல்லம்மா." அவள் கையைப் பிடித்து விலக்கினான். "மூடினாத்தான் இருக்கா. தொடாத."

அவள் அவனைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் சீட்டில் முழங்கால் ஊன்றி ஏறி, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தான். சூடு. துணிக்கு அடியில் ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. பிறகு சீட்டின் முதுகு கையை விட்டு நகர்ந்தது. முன்னால் அல்ல. பின்னால். ஒரு விரற்கடை. அவன் கையை நீட்டித் தொட்டான். இன்னும் ஒரு விரற்கடை. அவன் முழங்காலுக்கு முன்னால் இடம் கூடியது. உள்ளே இடம் குறைந்தது.

"அப்பா."

தெளிவான குரல். துணிக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரம்.

"இடமே இல்லப்பா. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லேன்."

யாரை என்று அவன் கேட்கவில்லை. சீட்டின் துணியோடு வாயை ஒட்டி வைத்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான். கூட்டமான பஸ்ஸில் முன்பின் தெரியாத பெரியவரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. குழந்தை."

உள்ளே பெரிதாக ஏதோ அசைந்து உட்கார்ந்தது. ஸ்பிரிங்குகள் முனகின. சீட் இன்னும் ஒரு விரற்கடை பின்னால் போனது.