கிடாருக்குள் இரண்டு வண்டுகள்

கிடாருக்குள் வண்டு இருக்கிறது என்று முதலில் சொன்னது ஊர்க்காரர்கள்தான். இனியா அதை நம்பிவிட்டாள்.

தை மாதத்தில் ஒரு கோயில் திருவிழா. இனியாவின் அக்கா தேவிப்ரியா, மாதுளம்பழ நிறத்தில் இருக்கும் தன் எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றாள். வாத்தியம் வாசிக்கிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஸ்பீக்கரைப் போட்டதும் ‘உர்ர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. பாட்டு தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. பாட்டு முடிந்த பிறகும் நிற்கவில்லை.

“ஏய், கிடாருக்குள்ள வண்டு புகுந்துருச்சுடா!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த இன்னிசைக் குழுவை நடத்துகிறவர் செல்லமுத்து. தபேலாவின் சுருதி தப்பினால் அவருக்குப் பனி காரணம். கீபோர்டு நின்றுபோனால் கரண்ட் காரணம். கிடார் இரைந்தால் மட்டும் தேவிப்ரியா காரணம்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்தக் கரண்டு சமாச்சாரம்?” என்றார் அவர். “மாசிக் கடைசியில குன்றாண்டார்கோவில்ல கச்சேரி இருக்கு. அங்கயும் இப்படி இரைஞ்சா, அப்புறம் நம்ம அரவிந்த்குமார் கீபோர்டுலயே கிடார் சத்தத்தைப் போட்டுக்குவான். நீ வீட்டுல இருந்துக்க.”

பஸ் பிடித்துத் தங்கள் ஊரான கீரனூருக்குத் திரும்பினார்கள். அக்கா கிடார்ப் பையை மடியில் கிடத்திக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

“அக்கா, நீ ஒரு எடத்துலகூடத் தப்பா வாசிக்கலையே!” என்றாள் இனியா.

“எனக்குத் தெரியும்டி. அவருக்குத்தான் தெரியல.”

மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கிடாரின் வயரைச் சொருகிய சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஓரத்தில் இருந்தது. இனியா கிடாரை மாட்டிக்கொண்டாள். அது அவள் முழங்கால் வரை தொங்கியது.

கம்பிகளுக்குக் கீழே மூன்று கறுப்புத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் கடலை மிட்டாய் அளவுதான். ஒவ்வொன்றிலும் ஆறு வெள்ளிப் பொட்டுகள். அவற்றுக்குப் பெயர் பிக்கப். உள்ளே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகத் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். மேலே கிடார்க் கம்பி அதிர்ந்தால் அதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப்பின் வேலை. மூன்றில் நடுவில் இருந்தது செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

இனியா கம்பிகளைத் தொடவில்லை. வண்டு மட்டும் ‘உர்ர்ர்’ என்றது.

அவள் மெல்லத் திரும்பினாள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் திரும்பியதும் வண்டு கத்தியது. பக்கத்து வீட்டு வயரைப் பார்த்ததும் முனகியது. கண்மாய்ப் பக்கம் திரும்பினாள். அங்கே கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து கருவேல மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. வண்டு ஏறக்குறைய மூச்சை நிறுத்திவிட்டது.

இனியா கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சுற்றினாள். மாடி மிதப்பது போல இருந்தது. அவள் ஒரு சின்னத் தோணி. கிடார்தான் துடுப்பு. சத்தம் குறைகிற பக்கமெல்லாம் தண்ணீர். கண்ணைத் திறக்காமலே கண்மாய் எந்தத் திசை என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே இறங்கி வந்து அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை வரைந்தாள். கத்தும் இடத்தில் பெரிய சுழி. முனகும் இடத்தில் சின்னச் சுழி. கண்மாய்க்கு ஒரு புள்ளி.

“என்னடி இது, கோலமா?” என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

“வண்டு எங்க எங்க கத்துதுன்னு மேப்பு.”

அக்கா நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“கரண்டு எங்க இருக்கோ அங்கதான் இரையுது, பாரேன்.”

“அக்கா, திருவிழா மேடையை எங்க போட்டாங்க?”

“டிரான்ஸ்பார்மருக்கு நேர் கீழ. எந்த ஊருலயும் அப்படித்தானே? அங்கிட்டுப் போட்டா வயர் எட்டலைம்பாங்க. அதுக்கு மேல சீரியல் லைட்டு வளைவு வேற.”

“அப்ப நீ கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்னு வாசி.”

“சனம் பூராவும் என் முதுகைப் பாக்கும்!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அக்காவின் முகம் மறுபடி வாடியது.

“நடுவுல இருக்குற பிக்கப்பை மாத்தணும் இனியா. எதை வாங்குறதுன்னுதான் தெரியல. நெட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க.”

இனியா தன் பென்சில் டப்பாவிலிருந்து சின்னத் திசைகாட்டியை எடுத்தாள். இந்த வருஷம் வகுப்பில் காந்தப் பாடம் நடத்தியபோது வாங்கியது. கிடாரின் மேல் வைத்தாள். மூன்று துண்டுகளில் எதன் மேல் வைத்தாலும் ஊசியின் சிவப்பு முனை ஓடிவந்து நின்றது.

“மூணு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காந்திருக்காங்க” என்றாள் தனக்குள்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போவதென்று முடிவானது. போவதற்கு முந்தைய நாள் இனியா, மைக் செட் வைத்திருக்கும் ஆண்டிச்சாமி மாமாவிடம் போனாள்.

“மாமா, ஒரு சீரியல் லைட்டு வேணும். நாளைக்கு மட்டும்.”

“எதுக்கு ஆத்தா? பொம்மைக்குக் கல்யாணமா?”

“கிடாருக்கு.”

“கிடாருக்குக் கல்யாணமா!” மாமா சிரித்துக்கொண்டே ஒரு கட்டு பல்புகளையும், அவற்றை ஓடவிடும் பெட்டியையும் பையில் போட்டுக் கொடுத்தார். “பல்பு ஒடைஞ்சா மாப்பிள்ளை வீட்டுலதான் கேப்பேன்.”

அக்கா பையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “இதை ஏன்டி தூக்கிட்டு வார?”

“கடையில சத்தமே இருக்காதுக்கா. போன தடவை இந்தக் கிடாரை வாங்குனப்பவும் கடையில நல்லாத்தானே கேட்டுச்சு? நாம வாசிக்கிறது கடையிலயா?”

அக்கா பையின் ஒரு காதைத் தானும் பிடித்துக்கொண்டாள்.

திருச்சி பஸ்ஸில் நல்ல கூட்டம். பச்சையும் சிவப்புமாகப் பல்புகள் பையிலிருந்து எட்டிப் பார்த்தன. “எந்த மண்டபம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். “இன்னும் பொண்ணு பாக்கவே இல்லைங்க, இப்பத்தான் போறோம்” என்றாள் இனியா. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரர் பெயர் அருள்மணி. கிடாரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அக்காவுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

“வாங்க. அண்ணன் வரலைங்களா? வாசிக்கிறது யாரு?”

“நான்தாங்க.”

“இல்ல, கச்சேரியில?”

“கச்சேரியிலயும் நான்தாங்க” என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

அருள்மணி தடிமனான ஒரு பிக்கப்பை எடுத்து வைத்தார். “இதைப் போடுங்க. பவரு! அடிச்சா கோபுரக் கலசம் ஆடும். கிடார்ல இருக்குற பள்ளம் மட்டும் இதுக்குப் பத்தாது. மரத்தைக் கொஞ்சம் குடையணும்.”

அக்கா கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “குடைய வேண்டாம்.”

“அப்ப இது. ஒங்க பழசு மாதிரியே. புதுசு, பெட்டியோட இருக்கு.”

“வேற இல்லீங்களா?” என்றாள் இனியா.

அவர் மேசை டிராயரைத் துழாவி, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். “மூணு சேர்ந்த செட்டுல இது நடுவுல போடுறது. மத்த ரெண்டும் வித்துப்போச்சு. இதுவும் அதேதான் பாப்பா. பெட்டி இல்ல, அம்புட்டுத்தான்.”

இனியா திசைகாட்டியை எடுத்தாள். பெட்டியில் இருந்ததன் மேல் வைத்தாள். சிவப்பு முனை ஓடிவந்தது. செய்தித்தாளில் இருந்ததன் மேல் வைத்தாள். சிவப்பு முனை விலகி ஓடியது! நீல முனை வந்து நின்றது.

“அக்கா! இது மட்டும் எதிர்ப்பக்கம் பாத்து உக்காந்திருக்கு!”

“எப்படி உக்காந்தா என்ன? சத்தம் ஒண்ணுதான்” என்றார் அருள்மணி.

“ரெண்டையும் போட்டுக் கேட்டுப் பாத்துருவோம்க்கா” என்றாள் இனியா.

அக்காவுக்கும் அது சரியென்று பட்டது. அருள்மணி முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளைத் தளர்த்தி, மேல்தகட்டைக் கழற்றி, செத்துப்போன பிக்கப்பை எடுத்தார். அந்த இடத்தில் பெட்டிப் பிக்கப்பை வைத்து, கிளிப் மாட்டி இணைத்தார். கடை அமைதியாக இருந்தது. ஸ்பீக்கரும் அமைதியாக இருந்தது.

“கேட்டீங்களா? சுத்தமா இருக்கு.”

“இருங்க” என்று இனியா பையை அவிழ்த்தாள். மேசை முழுக்கப் பல்புகளைப் பரப்பி, பல்புப் பெட்டியின் வயரைப் பிளக்கில் சொருகினாள். சிவப்பும் பச்சையும் துரத்திக்கொண்டு ஓடின.

‘உர்ர்ர்ர்ர்!’

அருள்மணி ஓர் அடி பின்வாங்கினார்.

கிடாரில் ஒரு சுவிட்ச் உண்டு. எந்தப் பிக்கப் பாட வேண்டும் என்று அதுதான் சொல்லும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து பாடும். அக்கா அதை எல்லா இடத்திலும் தள்ளிப் பார்த்தாள். தனித்தனியாகவும் இரைந்தது, சேர்த்தாலும் இரைந்தது.

பிறகு செய்தித்தாள் பிக்கப்பை மாட்டினார்கள். அக்கா அதை மட்டும் பாடவிட்டாள்.

‘உர்ர்ர்ர்ர்!’

இனியாவின் முகம் சுருங்கியது. அவ்வளவுதானா? மாசிக் கடைசி, செல்லமுத்து, ‘நீ வீட்டுல இருந்துக்க’ எல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஓடின. மாடியும் கொக்குகளும்கூட ஓடின.

“ரெண்டையும் சேர்த்துப் போடலையே அக்கா” என்றாள் மெதுவாக.

அக்கா சுவிட்சை ஒரு படி தள்ளினாள்.

சத்தம் நின்றுவிட்டது.

பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. ஆனால் எல்லாம் கண்மாய்த் தண்ணீருக்குள் ஓடுவது போல அரவமே இல்லை. அக்கா ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பிக்கப்பைத் தட்டினாள். ‘டொக்’ என்று ஸ்பீக்கர் பதில் சொன்னது. உயிரோடுதான் இருந்தது.

“இன்னொரு தடவை தள்ளுங்க” என்றார் அருள்மணி. குரல் மாறியிருந்தது. அக்கா சுவிட்சை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளினாள். உர்ர்ர். அமைதி. உர்ர்ர். அமைதி.

அந்தப் பிக்கப்பில் காந்தமும் திரும்பியிருந்தது, செம்புக் கம்பியும் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது. அதனால் கரண்ட் இரைச்சல் ஒன்றிலிருந்து ஏறும்போது மற்றதிலிருந்து இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமில்லை. கிடார்க் கம்பியின் சத்தம் மட்டும் இரண்டிலும் சேர்ந்தே ஏறும். அக்கா பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. இனியாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ஒரு வண்டு இடது பக்கமாச் சுத்துது, இன்னொண்ணு வலது பக்கமா. ஒண்ணை ஒண்ணு பாத்ததும் ரெண்டும் கப்சிப்.”

“இதையே போட்டுருங்க” என்றாள் அக்கா.

அருள்மணி அதை ஈயத்தால் பற்ற வைத்துக் கொடுத்தார். அக்கா சுருதி சேர்த்து ஒரு கம்பியை மீட்டினாள். பழைய சத்தம் இல்லை. தண்ணீருக்குள் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல மெல்லிசாக, குளிர்ச்சியாக இருந்தது. திருவிழாவுக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவின் சிரிப்பு வாடாமல் நின்றது.

குன்றாண்டார்கோவிலிலும் மேடை டிரான்ஸ்பார்மருக்கு நேர் கீழேதான் இருந்தது. பொழுது சாய்ந்தது. குன்று கறுப்பாகி, அதன் மேல் ஒரு நட்சத்திரம் உட்கார்ந்தது. ஆண்டிச்சாமி மாமாவின் சீரியல் லைட்டுகள் வளைவு முழுக்க ஓட ஆரம்பித்தன.

அக்கா சுவிட்சை இரண்டு பிக்கப்புக்கும் நடுவே நிறுத்தி, வயரைச் சொருகி ஸ்பீக்கரைப் போட்டாள். செல்லமுத்து முன்கூட்டியே முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“என்னம்மா, பிளக்கைச் சொருகலையா?”

“சொருகியாச்சுங்க.”

“ஸ்பீக்கரைப் போட்டியா?”

“போட்டாச்சுங்க.”

“பொய் சொல்லாத” என்று அவர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். அக்கா ஒரே ஒரு கம்பியைச் சுண்டினாள். செல்லமுத்து துள்ளி எழுந்து தபேலாக்காரர் மடியில் விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. இந்த முறை அக்காவும் சிரித்தாள்.

“யாரு மெக்கானிக்கு?” என்று கேட்டார் அவர், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

அக்கா முன்வரிசையைக் காட்டினாள். “அந்தா உக்காந்திருக்காங்க. ஆறாங்கிளாசு.”

செல்லமுத்து இனியாவைப் பார்த்தார். கிடாரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “சரி, மொதப் பாட்டை நீயே ஆரம்பிம்மா” என்றார்.

பாட்டு தொடங்கியது. இனியா மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். டிரான்ஸ்பார்மர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மேடை எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர். தோணி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிடாருக்குள் இரண்டு வண்டுகளும் ஒன்றன் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் பலமாகக் கை தட்டினார்கள். இனியா மட்டும், அவை எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத் தட்டினாள்.