விரல் வைத்துக் காட்டுங்கள்

அந்த இடத்தில் வாசனையே இல்லை. பஞ்சாட்சரத்துக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மூக்கு விஷயத்தில் அவரோடு எவரும் போட்டிக்கு வர முடியாது. ராஜாஜி மார்க்கெட்டில் நின்றபடியே பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டு ரசத்தில் பெருங்காயம் குறைகிறது என்று சொல்லிவிடுவார். சாயப் பட்டறைக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் அரக்கு எது, மாம்பழ மஞ்சள் எது என்று அண்டா அண்டாவாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவார். அப்பேர்ப்பட்ட மூக்கு, ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருந்த ‘கைத்தாங்கல்’ பராமரிப்பு இல்லத்தின் கூடத்தில், நாற்பது படுக்கைகளுக்கு நடுவே நின்று, உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து, வெறுமனே திரும்பியது. மூத்திர வாடை இல்லை. பினாயில் இல்லை. நாற்பது கிழவர் கிழவிகள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு துளி தைலம், ஒரு சிட்டிகை விபூதி வாசனை கூடவா வராது?

“செம நீட்டா இருக்குதுல்ல மாமா?” என்றான் முத்துக்குமார்.

“அதாம்பா பிரச்சனை.”

முத்துக்குமார் அவருடைய அக்கா கமலாட்சியின் மகன். ஒரகடத்துக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கமலாட்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆயிற்று, இனி மாதக்கணக்கில் படுக்கை, புரட்டிப் போடவே இரண்டு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் தறி போக மிச்சமிருந்த இடத்தில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. தாயில்லாப் பிள்ளையான பஞ்சாட்சரத்தைத் தூக்கிச் சுமந்து வளர்த்த இடுப்பு அது. அதை யார் கையில் ஒப்படைப்பது என்று பார்க்கும் வேலையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தரம் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வு பெறும்வரை அவர் புரட்டிப் பார்த்த சேலைகளை ஒன்றோடொன்று முடிந்தால் காஞ்சிபுரத்தில் ஒரு நுனியும் காசியில் மறு நுனியுமாகக் கட்டிக் காயப்போடலாம். குறை கண்ட இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடுவார். கல்யாணப் பந்தலிலேயே மணப்பெண்ணின் முந்தானையைத் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டியவர் என்று ஊரில் பேச்சு. ஆனால் அவர் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நூல் கட்டுமுன் நெய்தவன் கண்ணெதிரே குறையின்மேல் விரல் வைத்துக் காட்ட வேண்டும். “விரல் வச்சுக் காட்டுங்கய்யா” என்று நெசவாளி கேட்பான். வைக்க இடமில்லையென்றால் நூல் கிடையாது. நூல் கட்டாத சேலை தேறிய சேலை. பஞ்சாட்சரம் அந்தக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறியதில்லை.

இங்கேயும் அப்படித்தான் ஆரம்பித்தார். படுக்கை விரிப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஒரு கிழவியின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். பச்சைக் குழந்தையின் பாதம்போல் இளஞ்சிவப்பு. ஒருவர் முதுகைப் பார்த்தார். புண் என்ன, ஒரு தடிப்புகூட இல்லை. நகங்கள் ஒரே அளவில், ஒரே வளைவில்.

ஜன்னலோரப் படுக்கையில் தெரிந்த முகம். ஹெட்மாஸ்டர் மாணிக்கவாசகம். அவர் பள்ளிக்கூடத்தில் அதட்டினால் ஏகாம்பரநாதர் கோயில் புறாக்கள் பறக்கும் என்பார்கள். பொங்கலுக்குப் பிறகு ஊரில் காணோம். பெங்களூருக்கு மகனிடம் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

“சாருக்கு என்ன ஆச்சும்மா?”

“சம்சாரத்துக்கு இடம் பாக்கத்தான் வந்தாரு,” என்றாள் தலைமை நர்ஸ் சங்கீதா. சிரித்த முகம், தணிந்த குரல். “பிடிச்சுப்போயி அவரும் தங்கிட்டாரு. அதோ, பக்கத்துக் கட்டில்ல அம்மா.”

மாணிக்கவாசகம் வாய் திறக்கவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் விரிப்பின்மேல் ஒரே இடத்தில் லேசாக எழுந்து எழுந்து விழுந்தது. பஞ்சாட்சரம் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கறை இல்லை. கிழிசல் இல்லை. நடுக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கமலாட்சி படுத்தபடியே கேட்டாள். “என்னடா பஞ்சு, தேறுதா தேறலியா?”

“குறையே இல்லக்கா.”

“அப்புறம் ஏன் வேப்பங்கொட்டையக் கடிச்சாப்ல மூஞ்சிய வச்சுக்கினு நிக்கற?”

கைத்தறி என்றால் எங்காவது ஓர் இழை தளர்ந்திருக்கும். நெய்தவனுக்குத் தும்மல் வந்திருக்கும், குழந்தை அழுதிருக்கும், அது சேலையில் தெரியும். துளியும் குறையில்லாமல் ஒன்று மேசைக்கு வந்தால் அதை மனிதக் கை நெய்யவில்லை, விசைத்தறி என்று பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். அப்படிப்பட்ட சேலையைத் தொட்டால் அவருக்கு விரல் கூசும். அந்தக் கூச்சம்தான் இப்போதும்.

“பாக்க வர்றவங்களுக்கு மேல்பக்கத்தத்தான் காட்டுவாங்க,” என்றார். “நானே நோயாளியாப் போயிப் படுத்துக்கறேன். அப்பத்தான் அடிப்பக்கம் தெரியும்.” போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து ஒரே வாரத்தில் சரியாகியிருந்தது. அந்தக் காகிதங்கள் பீரோவில் இருந்தன. அது மறுபடி வந்துவிட்டது, கை கால் விளங்கவில்லை, பேச்சு வரவில்லை என்று முத்துக்குமார் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை கமலாட்சியையும் அழைத்துக்கொண்டு வந்து பார்க்க வேண்டியது.

“பேசாம கெடக்கறதா? நீயா? ஒரு நாள் தாங்க மாட்டடா. காக்காவக் கூப்ட்டுவச்சாவது ஞாயம் பேசுவ.”

“குறை இருந்தா கட்டில் கம்பியில செவப்பு நூலு கட்டியிருப்பேன். நூலு இல்லன்னா தேறிப்போச்சுன்னு அர்த்தம். நீ அன்னிக்கே சேந்துக்கலாம்.”

“வெளையாட்டுப் புத்தி இன்னும் போவல,” என்றாள் கமலாட்சி. ஆனாலும் தன் தையல் டப்பாவிலிருந்து சிவப்புப் பட்டு நூலை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

இல்லத்தில் சேர்ந்த முதல் நாள் பஞ்சாட்சரம் ராஜாவாக இருந்தார். வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, வலது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவர் போட்ட வேஷத்தில் உண்மையான பக்கவாதமே வெட்கப்பட்டிருக்கும். வெந்நீர் ஒத்தடம் வந்தது. குழைந்த சாதம் சரியான சூட்டில் வந்தது. நீலச் சட்டைப் பெண்கள் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை, குளிர்ந்த மெத்தென்ற விரல்கள் மட்டும் வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போயின. அவ்வப்போது கூடத்தின் கோடியில் ஒரு சின்ன மணி ஒலிக்கும். உடனே நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரட்டப்படுவார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க அப்படிச் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் விரிப்புகள் உரசும் அந்தச் சத்தம், ஒரே ஒரு ‘சரக்’, காதில் தங்கிவிட்டது. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தறிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போதுகூட ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இங்கே எதுவும் பிந்தவில்லை. யாரும் இருமவில்லை. நாற்பது காஞ்சிபுரத்துக் கிழங்கள் சாப்பிட்டு முடித்தும் சாம்பாரில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு மூக்கு அரித்தது. யாரும் பார்க்காதபோது சொறிந்துகொள்ளலாம் என்று இடது கையை எடுக்க நினைத்தார். நினைத்ததுதான். அதற்குள் ஒரு விரல் வந்து, அரித்த அதே இடத்தில், இதமாகச் சொறிந்துவிட்டுப் போனது.

“எதுக்கய்யா நீங்க கஷ்டப்படணும்?” என்றாள் சங்கீதா.

நல்ல பெண் என்று நினைத்தார். பிறகு தாகம் எடுத்தது. எடுக்கும் முன்னரே உதட்டில் தண்ணீர். நெற்றியில் வேர்வை அரும்பப் போகிறது என்று தோன்றியபோது ஈரத்துணி. இருமல் நெஞ்சுக்குள் கிளம்பும்போதே முதுகில் தட்டல். இருமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சுகமாகத்தான் இருந்தது. மத்தியானம் மறுபடி மூக்கு அரித்தபோது விரல் வந்தது. அப்போதுதான் கவனித்தார். இந்த முறை அவர் கையை எடுக்க நினைக்கவே இல்லை.

நினைத்துப் பார்த்தார். கை வரவில்லை.

வேஷம் போட்டுப் போட்டு மரத்துவிட்டது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். வலது கைக்குத்தானே வேஷம். இது இடது கை. மெத்தையின்மேல் கிடந்தது, கழுவித் துடைத்து, நகம் வெட்டி, வேறு யாருடையதோபோல. காலை மடக்க முயன்றார், யாரோ மடக்கிவிட்டார்கள். நீட்ட முயன்றார், நீட்டிவிட்டார்கள். போதும், வேஷம் கலையட்டும், கத்திவிடுவோம் என்று வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு கரண்டி ஜவ்வரிசிக் கஞ்சி இறங்கியது. சூடு சரியாக இருந்தது. இனிப்பும் சரியாக இருந்தது. விழுங்கினார். அதன்பிறகு வாயைத் தானாகத் திறக்க அவரால் முடியவில்லை.

ஜன்னலில் வெயில் நின்றது. பாலாற்று மணலில் காற்று சுழல்வது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது, ஓசையில்லாமல். மணி ஒலித்தது. சரக். இப்போது அவர் முகம் மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பியிருந்தது. ஹெட்மாஸ்டரின் கண்கள் அகலத் திறந்திருந்தன. விரல் விரிப்பில் எழுந்தது. விழுந்தது. எழுந்தது.

நடுக்கமில்லை அது. அந்த மனுஷர் அன்றைக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சாட்சரத்துக்கு உயிரோடு மிச்சமிருந்தது ஒரே ஓர் எண்ணம். நூல். இடுப்பில், வேட்டி மடிப்பில். எப்படியாவது கம்பியில். நாளைக்கு அக்கா வருவாள்.

சங்கீதாவின் விரல்கள் மடிப்புக்குள் போய் நூலை எடுத்தன.

“இதானய்யா வேணும்?”

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். சிவப்பு நூலைத் தன் விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். “பாக்க வர்றவங்க எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு கொண்டாருவாங்க. கட்டிடலாமே. நானே கட்டிவிடறேன். குறை எங்க இருக்குதுன்னு மட்டும் விரல் வச்சுக் காட்டுங்கய்யா.”

பஞ்சாட்சரம் தேடினார். தலைமுதல் கால்வரை தேடினார். புண் இல்லை. பசி இல்லை. வலி இல்லை. அழுக்கு இல்லை. முப்பது வருஷம் குறை காட்டிய விரல், சேலைக்கடலில் ஒற்றை இழையைப் பிடித்த விரல், வைக்க ஓர் இடம் இல்லாமல் கிடந்தது. இடம் இருந்திருந்தாலும் வைத்திருக்க முடியாது.

“இல்லல்ல?” என்றாள் சங்கீதா. நூலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலாட்சியின் வாசனைதான் முதலில் வந்தது. தைலம், மஞ்சள், விபூதி, கொஞ்சம் வேர்வை. இடுப்புக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, சக்கர நாற்காலியில் முத்துக்குமார் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அந்த வாசனையில் பஞ்சாட்சரத்தின் கண்கள் பொங்கின. பொங்கும் முன் யாரோ துடைத்துவிட்டார்கள்.

“எப்பா, எப்டிக் கெடக்கறான் பாரு, கல்லுப் பிள்ளையார் கணக்கா,” என்று கமலாட்சி சிரித்தாள். “நடிப்புன்னா இவன்தான்.” நாற்காலியிலிருந்தே கையை எட்டி அவர் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். விரிப்பைத் திருப்பினாள். தம்பியிடம் கற்ற வித்தை. பிறகு முத்துக்குமார் தள்ளத் தள்ளக் கட்டில் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போனாள்.

நூல் இல்லை.

“மாமா தேறிடுச்சுன்னு சொல்லிட்டாரும்மா,” என்றான் முத்துக்குமார். அவன் குரலில் பாரம் இறங்கியிருந்தது. “நான் ஆபீஸ்ல பேசிட்டு வந்துடறேன்.” போய்விட்டான்.

கமலாட்சி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “டேய் பஞ்சு. யாரும் பாக்கல. ஒரு வாட்டி கண்ணடிடா.” சிரிப்பு மெல்லக் குறைந்தது. “ஏதாச்சும் இருந்தா, விரலயாச்சும் அசைடா.”

எல்லாவற்றையும் கூட்டினார். எழுபது வருஷத்தையும். அந்த இடுப்பில் உட்கார்ந்து பார்த்த தேரோட்டத்தையும். எல்லாம் தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, மணிக்கட்டில் முட்டி. விரல் எழுந்தது.

எழுந்தேவிட்டது. நீலச் சட்டைகளை நோக்கி. நேராக.

குளிர்ந்த கை ஒன்று அதை இதமாகப் பிடித்தது.

“அக்கா கையப் புடிக்கணும்னு ஆசைப்படறாரும்மா,” என்றாள் சங்கீதா. “எதுக்கய்யா நீங்க கஷ்டப்படணும்?” அவர் கையை எடுத்து கமலாட்சியின் கைமேல் வைத்தாள். விரலை மடக்கினாள்.

“அய்யோ என் ராசா,” என்றாள் கமலாட்சி. கண் நிறைந்தது. “நான் எப்பம்மா வந்து சேரட்டும்?”

“வந்துட்டீங்களேம்மா.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ விரிப்பை உதறினார்கள். ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது. கோடியில் மணி. சரக். அவர் முகம் இப்போது அக்காவுக்கு நேராக.

தைலம் போயிற்று. மஞ்சள் போயிற்று. விபூதி.

கமலாட்சி தன் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். அதற்குள் ஒரு விரல் பின்னாலிருந்து வந்து, இரண்டு கன்னத்தையும், மிக இதமாக, துடைத்துவிட்டது.

அவள் கை பாதியில் நின்றது. எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனதுபோல், காற்றில், கொஞ்ச நேரம்.

பிறகு தானாக மடியில் இறங்கியது.