பாறைக்குள் இருந்த குளிர்

காலையிலிருந்து நெருப்பில் வெந்துகொண்டிருந்த பாறையில் ஓரிடம் மட்டும் சூடேறவில்லை என்பதைச் சந்திரமதிதான் முதலில் கண்டாள்.

தீவில், ரங்கத் ஊருக்கு அப்பால் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் மெயின்லேண்டிலிருந்து வந்துசேரவில்லை. வழியை மறித்த பாறையைச் சுட்டே உடைத்துவிடலாம் என்றார் கான்ட்ராக்டர் ஜெகநாதன். கட்டை அடுக்கி எரித்து, கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை ஊற்றினால் மேற்பரப்பு சட்டென்று சுருங்கும். உள்ளே சூடு தணியாது. அந்த இழுபறியில் பாறை பிளந்துகொள்ளும்.

ஈரக்கட்டையின் புகையும் கருகிய பாசியின் நெடியும் தொண்டையில் கமற, சந்திரமதி குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் எங்கும் சீறி ஆவியாகி மேலெழுந்தது. அந்த உள்ளங்கையகல இடத்தில் மட்டும் சத்தமே இல்லாமல் வழிந்து, வெள்ளையாக உறைந்து நின்றது. தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் பாறையிலேயே தங்கிவிட்டது.

"ஏங்க, இது சரியில்லீங்க. உள்ள என்னமோ குளிருது."

தணலைக் கிளறிக்கொண்டிருந்த அவள் கணவன் சிவஞானம் சிரித்தான். நாள் முழுக்க அனலில் நின்ற உடம்பு தகதகவென்று சிவந்திருந்தது.

"அங்க என்ன பேச்சு? பானி டாலோ, ஜல்தி! தண்ணிய ஊத்து!" மேட்டிலிருந்து ஜெகநாதன் கத்தினார். "பொழுது சாயறதுக்குள்ள பிளந்தாகணும்."

அடுத்த குடத்தைச் சரித்தாள்.

பாறைக்குள் ஏதோ முனகியது. ஒரு விரிசல் ஓடும் சத்தம், நீளமாக, அடியிலிருந்து உச்சிவரை. அப்புறம் வெடித்தது. பறந்த சில்லொன்று ஜெகநாதனின் கழுத்தைச் சீவிக்கொண்டு போனது. கத்தக்கூட நேரமில்லை. மேட்டிலிருந்து உருண்டு வந்து தணலில் விழுந்தார். ரத்தம் பொரிந்தது.

பாறையில் ஒரு பிளவு. ஆளுயரம். உள்ளே இருட்டு.

அதற்குள்ளிருந்து சில்லென்று ஒரு மூச்சு வந்தது.

தணல் முழுக்க ஒரே நொடியில் அவிந்தது. சிவஞானம் பிளவுக்கு நேர் எதிரே நின்றிருந்தான்.

"வந்துடுங்க! இந்தப் பக்கம் வந்துடுங்க!"

அவன் திரும்பினான். "ஒண்ணுமில்ல புள்ள, வெறும் காத்து..."

பட்.

நெற்றியில் மயிரிழை போல ஒரு கோடு. மூக்கில் இறங்கியது. உதட்டில். தாடையில். ரத்தம் வரவில்லை.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். மணிக்கட்டோடு முறிந்து அவள் பிடியில் வந்தது.

பாதி முகம் சரிந்து காலடியில் நொறுங்கியது. மிச்சமிருந்த கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிளவுக்குள், மிக அருகில், அடுத்த மூச்சு இழுபடத் தொடங்கியது.