ஒற்றைத் தட்டல்

நனைந்தபடி உள்ளே போன பையன் காய்ந்து வெளியே வந்தான்.

கண்டக்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து விடாத மழை. பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி மையம் இருந்த அந்த நீள நடைக்கூடத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலடியிலெல்லாம் தண்ணீர் தேங்கி, ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. அந்தப் பையனும் சட்டை முதுகோடு ஒட்ட, செருப்பு சளக் சளக்கென்று கத்த, கடைசிக் கதவுக்குள் நுழைந்தவன்தான். ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்தபோது சட்டை மடிப்புக் கலையவில்லை, தலைமுடி படிந்திருந்தது. கதவை இரண்டு கையாலும் அலுங்காமல் சாத்திவிட்டுத் தன் தாயிடம், "இப்ப பரவாயில்லம்மா. ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றான். அந்த அம்மாள் அழுதபடியே அவனைக் கூட்டிப்போனாள். அவர்கள் கடந்து போகையில், கடையில் புதுப் பையைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாசனை அடித்தது.

"ஃபேன் போட்டிருப்பானுங்க" என்று முணுமுணுத்தார்.

பஸ் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அவருக்குக் கண்டக்டர் என்கிற பெயர் போகவில்லை. பக்கத்தில் அவர் மகள் சிட்டு, ஈரத் துப்பட்டாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டோம் என்றுவிட்டார்கள். போன வருஷமே ஒரு தடவை விடுப்பு வாங்கியாயிற்று. இன்னொன்று வேண்டுமானால் உதவி மையம் சிபாரிசு செய்ய வேண்டும். இல்லையென்றால் படிக்கிற இடமே போய்விடும். துறைக்குப் போனால் பதிவாளரைப் பார் என்றான், பதிவாளர் டீனைப் பார் என்றான், டீன் இங்கே அனுப்பினான். பஸ்ஸாக இருந்தால் இந்நேரம் கடைசி ஸ்டாப் வந்திருக்கும். உதவிக்கென்று தனி ஆபீஸ் வைத்திருக்கிறான் என்றால் மற்ற ஆபீஸெல்லாம் எதற்கு வைத்திருக்கிறான் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"அப்பா, அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லப்பா."

"நான் வாசல்லயேதானே நிக்கிறேன். மூச்சு முட்டினா தட்டு."

நோயில் படுத்ததிலிருந்து மூடிய அறை என்றால் அவளுக்கு ஆகாது. அதற்கு இருவருக்கும் ஒரு வழக்கம், அவள் சின்னப் பிள்ளையாக பஸ் விளையாட்டு விளையாடிய காலத்திலிருந்து வந்தது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியில் அவள் ஒரு தட்டு தட்டினால் போதும், ஊசி போட வந்தவர் யாராக இருந்தாலும் இவர் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை.

கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "அடுத்தவங்க வரலாம். ஐயா, நீங்க இங்கயே இருங்க. உள்ள ஒருத்தர்தான். நடுவுல எழுந்து வந்தாலோ, வெளியிலேர்ந்து கதவத் தொறந்தாலோ மனு தள்ளுபடி. மறுபடி போட முடியாது."

"யாரும்மா போட்ட விதி இது?"

"அது எப்பவும் இருக்குய்யா" என்று சிரித்தாள். அவளிடமும் அந்தப் புதுப்பை வாசனை.

சிட்டு போனாள். தரையில் ஈரப் பாதம் ஒவ்வொன்றாக விழுந்து கதவுக்குள் மறைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அவர் கதவோடு காதை வைத்தார். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு குரல், கனிவான குரல்தான், ஆனால் ஒருவர் பேசுவது போல் இல்லை, ஒரு அறை நிறைய ஆட்கள் மூச்சு பிசகாமல் ஒரே வார்த்தையைத் தாழ்ந்து சொல்வது போல இருந்தது. சிட்டு ஏதோ பதில் சொன்னாள். மழை இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

டக்.

ஒன்று.

கை தானாகவே கைப்பிடிக்குப் போனது.

"இடம் போயிடும் ஐயா" என்றாள் மேசைக்காரி, தலையைத் தூக்காமலே.

ஏறி இறங்கிய படிகளெல்லாம் அவர் கண்ணில் வந்தன. படிக்காத அப்பனால் பிள்ளை படிப்பு கெட்டது என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். பயந்த பிள்ளை, கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் முடிந்துவிடும். கைப்பிடியை விட்டார். விரலை மடக்கினார்.

டக், டக்.

போகலாம்.

உள்ளே அமைதி. பிறகு மறுபடியும், இந்தத் தடவை தாழ, தரையை ஒட்டி.

டக்.

"கொஞ்ச நேரம்தான் தங்கம்." இரண்டு தட்டினார். ஓங்கி.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. சிட்டு வந்தாள். காய்ந்த துப்பட்டா. காய்ந்த தலை. கதவை இரண்டு கையாலும் அலுங்காமல் சாத்தினாள்.

"இப்ப பரவாயில்லப்பா. ரொம்ப உதவியா இருந்துச்சு."

"இடம் உறுதியாயிடுச்சு ஐயா" என்றாள் மேசைக்காரி. "சந்தோஷமாப் போங்க."

அவர் தரையைப் பார்த்தார். உள்ளே போன ஈரப் பாதங்கள் இருந்தன. திரும்பி வந்தவை இல்லை. மகள் கண்ணைப் பார்த்தார். காமாலையின் மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது. வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது. மெல்ல, அவள் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"கொசுவாப்பா?" என்றாள்.

மேசைக்காரியிடம் திரும்பினார். "கதவத் தொறங்க."

"உங்க பொண்ணுதான் உங்க பக்கத்துலயே நிக்குதே."

"தொறங்கம்மா!"

இப்போது அவள் தடுக்கவில்லை. எழுந்து திறந்தே காட்டினாள். சின்ன அறை. ஒரு நாற்காலி. ஆள் இல்லை. ஈரப் பாதங்கள் நாற்காலியைத் தாண்டிப் போய், பக்கச் சுவரில் முட்டி நின்றிருந்தன. கடைசிப் பாதத்தில் பாதிதான் தெரிந்தது.

சுவருக்குள்ளிருந்து, டக்.

"வாப்பா" என்று பக்கத்தில் நின்றவள் அவர் கையைப் பிடித்தாள். காய்ந்த பிடி. சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. இழுத்தாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

நடைக்கூடத்தில் நடந்தார். நடத்தப்பட்டார். பக்கத்திலேயே சுவருக்குள் அதுவும் வந்தது. முழங்கால் உயரத்தில். தவழ்கிற மாதிரி.

டக்.

கொஞ்சம் தள்ளி, டக்.

பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அடுத்த பெண் முந்தானையைப் பிழிந்துகொண்டு கதவை நோக்கிப் போனாள். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

வாசல் வந்தது. சுவர் அங்கே முடிகிறது. அதற்கு மேல் மழைதான்.

வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு ஈரம் ஊறியது. உள்ளிருந்து. முதலில் புள்ளி. பிறகு ஐந்து விரல். சின்னக் கை. அவருக்குத் தெரிந்த கை.

டக்.

நிறுத்து, அப்பா.

அவர் நின்றார். அவர் கையைப் பிடித்திருந்தவளும் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டவள் மாதிரி சிரித்தாள். பிறகு காய்ந்த விரலை மடக்கி, அந்த ஈரக் கையின் நடுவில், அவர் தட்டுகிற மாதிரியே தட்டினாள்.

டக், டக்.