ஒரே ஃபோல்டர், நாலு லட்சம் ஃபைல்!

"ஐயோ... முசியே விழுந்துட்டாரு!"

நேற்று மாலை அப்படி அலறியவன் தமிழ்மாறன்.

தள்ளிவிட்டவனும் அவனேதான்!

குருசுக்குப்பத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த ஸ்கேனிங் அலுவலகம். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களின் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து வைக்கும் இடம். எல்லோரும் 'முசியே' என்று கூப்பிடும் முதலாளி ஜாக் படியில் உருண்டு செத்துப்போனார். 'டீ குடிச்சுட்டு வந்து பார்த்தேன், கெடந்தாரு' என்று கூசாமல் புளுகியிருந்தான், அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தமிழ்மாறன்.

இப்போது இன்ஸ்பெக்டர் மேனகா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"படிக்கட்டு கேமரா வீடியோ எங்க சேவ் ஆவுது?"

"சர்வர்லதான் மேடம்... எல்லாமே ஒரே ஃபோல்டர்."

"தொற."

க்ளிக் செய்தான். பச்சைக் கோடு நகர்ந்தது... நின்றது...

"என்னய்யா, இந்த இழுவை இழுக்குது?"

"நாலு லட்சம் ஃபைல் மேடம். வருஷவாரியா பிரிச்சிடலாம்னு தலபாடா அடிச்சுகிட்டேன். முசியே கேக்கல. எல்லாம் ஒரே எடத்துல இருந்தாத்தான் கைக்கு ஆப்புடும்பாரு."

சண்டையே அதில்தான்! 'ஃபோல்டர் தொறக்கல, தண்டச்சோறு' என்று ஜாக் கத்த, இவன் ஒரு தள்ளு தள்ள... உடனே வீடியோவை அழிக்க ஓடினான். பாழாய்ப்போன ஃபோல்டர் திறந்தால்தானே? அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

ஜாக்கின் மனைவி ஜோசஃபின், அவன் 'மதாம்' என்று கூப்பிடும் முதலாளியம்மா, காபி டம்ளரை நீட்டினாள். அழுது வீங்கிய கண்கள்.

"குடி தமிழு. நேத்துலேர்ந்து பட்டினியா கெடக்குற."

நீட்டப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். எந்தக் கையால் வாங்குவது? தள்ளிய கையாலா? ச்சே... நானெல்லாம் ஒரு மனுஷனா!

பச்சைக் கோடு நகர்ந்தது.

இன்னும் கொஞ்சம்...

"மதாம், நான்தான் தள்ளுனேன்! கோவத்துல... செத்துடுவாருன்னு நெனைக்கல மதாம்!"

டம்ளர் உருண்டது. ஜோசஃபின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஃபோல்டர் திறந்தது!

மேனகா குனிந்தாள். கடைசி வீடியோ நேற்றுக் காலையோடு சரி. மாலை வீடியோவே இல்லை!

"காலையில எதையோ நிறுத்திட்டேன்னாரு... கேமராதானா அது?" ஜோசஃபின் குரல் உடைந்தது. "வீடியோ வந்து வந்து ரொம்புதுன்னு நீதான சொல்லிகிட்டே இருந்த? 'தமிழு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு..."

கேட்கவே மாட்டார் என்று திட்டினானே... கேட்டிருக்கிறாரே! தமிழ்மாறன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மேனகா அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசலில் நின்ற ஏட்டைப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, இந்த சர்வர இனிமே யாரும் மெதுவா இருக்குன்னு திட்டக்கூடாது. கொஞ்சம் முன்னாடி தொறந்திருந்தா, நாம கைய வீசிகிட்டுத் திரும்பியிருப்போம்!"