தீர்ந்துபோன வில்லைகள்

"எங்கப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றாங்க," என்றாள் அந்தப் பெண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

துப்பறிவாளர் நாற்காலியை மறுபடியும் காட்டினார். அதற்குள் அவருடைய உதவியாளர், "யாரு?" என்று கேட்டுவிட்டார். ஊரே அவரை அவசரம் என்றுதான் கூப்பிட்டது.

"அவர் ரெண்டாவதாக் கட்டிக்கிட்ட அம்மா."

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மனைவி இறந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிறகு மறுமணம் செய்துகொண்டவர். மகளுக்கு வேறு ஊரில், கப்பல் கம்பெனியில் வேலை. சில மாதங்களாக அவருக்குக் கால் வீங்குகிறது. படி ஏற முடியவில்லை. ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இறங்கினால் இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேற ஏதோ உள்ள போகுது, என்னன்னு பாருங்கன்னார். பார்க்க என்ன இருக்கு? அந்தம்மா கஷாயம் வெச்சுக் குடுத்தாங்க. போலீஸுக்குப் போகப் போறேன். கையில ஆதாரம் வேணும்."

"நீங்க அங்க அடிக்கடி போறதுண்டா?"

"அப்பா கூப்பிட்டா போவேன். தொண்டைக்கு வில்லை வாங்கிட்டு வரச் சொல்வார். குடுத்துட்டு அடுத்த வண்டியிலயே திரும்பிடுவேன். எனக்கு அந்த வீட்டுல உட்கார முடியாது சார்."

மறுநாள் காலை மூவரும் போனார்கள். சின்ன வீடு. கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டது, முகம் அப்போதுதான் மழித்தது. மகளைப் பார்த்ததும் எழ முயன்றார். கால்கள் ஒத்துழைக்கவில்லை. "வா பாப்பா," என்று சிரித்தார். நாக்கு கறுத்திருந்தது.

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். கிழவருடைய கோப்பையைத் தனியாக வைத்தாள்.

"இவருக்குச் சர்க்கரை கிடையாதா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"இனிப்புன்னாலே ஆகாது. கல்யாணத்தன்னிக்கு வாயில ஊட்டின லட்டையே ஜன்னல் வழியாத் துப்பின மனுஷன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் கிழவர்.

அவசரம் சமையலறைக்குள் நுழைந்து ஒரு டப்பாவோடு ஓடிவந்தார். "சார், அதிமதுரம்! வேர் வேரா! கஷாயம் இதுலதான் சார்!"

மகள் அந்த அம்மாளை வெறித்துப் பார்த்தாள்.

"இருமலுக்கு வாங்கினேன்," என்றாள் அந்த அம்மாள். "டாக்டர் வேண்டாம்னதும் விட்டுட்டேன்."

"நிறுத்தினவங்க வீட்டுல எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று அவசரம் மடக்கினார்.

"காசு குடுத்து வாங்கினதைக் குப்பையில போடுவாங்களா தம்பி?"

துப்பறிவாளர் டப்பாவை வாங்கி மூடியை விரலால் தடவினார். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் தூசி படிந்து இறுகியிருந்தது. அதில் அவசரத்தின் விரல் தடங்கள் மட்டுமே புதியவை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே போனார். அங்கே அலமாரியில் ஒரே மாதிரி தகர டப்பிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஆணி, ஒன்றில் பித்தான், ஒன்றில் நூல்கண்டு. நிறையக் காலி.

"எல்லாம் நான் வாங்கித் தந்த வில்லை டப்பிங்க," என்றாள் மகள். அவளுக்கே வியப்பாக இருந்தது. "இத்தனையா?"

துப்பறிவாளர் ஒரு டப்பியைக் கவிழ்த்து, அடியில் இருந்த விலைச்சீட்டை நகத்தால் உரித்தார். சீட்டுக்குக் கீழே பொடி எழுத்துகள். கண்ணருகே வைத்துப் படித்தார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார். மகளும் உட்கார்ந்தாள்.

"அவசரம் சொன்னது பாதி சரி. இது அதிமதுரத்தோட வேலைதான். நல்ல பொருள். தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் கேட்கும். ஆனா கொஞ்சமா, கொஞ்ச நாளைக்குத்தான். அளவு மீறினா உடம்பு உப்பையும் தண்ணியையும் புடிச்சு வெச்சுக்கும். கால் வீங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் வெளிய போயிடும். அழுத்தத்துக்கு இவர் சாப்பிடறது நீர் பிரியற மாத்திரைன்னா, அதுவும் தன் பங்குக்கு வெளிய தள்ளும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றாள் மகள்.

"சமையலறை டப்பாவை ரொம்ப நாளா யாரும் தொடலை. தொடாமலே இவர் உடம்பு மோசமாயிட்டே வருது. நாக்கைக் கறுப்பாக்கினது கஷாயம் இல்ல. இந்த வில்லை அதிமதுரச் சாறைக் காய்ச்சி இறுக்கினது. ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவங்க தொடவே கூடாதுன்னு இங்க போட்டிருக்கு. விலைச்சீட்டு அதை மறைச்சிருச்சு."

மகளின் முகம் வெளுத்தது. "நானா?"

"நீங்க வாங்கிட்டு வந்தது அளவாச் சாப்பிட. இவர் ஒரு டப்பியை ஒரே மூச்சுல தீர்த்திருக்கார்." துப்பறிவாளர் கிழவர் பக்கம் திரும்பினார். "இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது மருந்து இல்லையே. பாப்பா கொண்டு வர்றது."

"நீங்க பார்க்கலையாம்மா?"

"பார்த்தேன்," என்றாள் மனைவி. "அப்பா பொண்ணு சமாச்சாரம். நான் கை வெச்சா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. "லட்டையே துப்பினவர் இதை ஏன் சார் இப்படித் தின்னணும்?"

"எனக்கும் அதுதான் உறுத்திச்சு," என்றார் துப்பறிவாளர். "பிடிச்சுத் தின்னலை. தீரணும்னு தின்னிருக்கார். டப்பி தீர்ந்தா இந்த வீட்டுல என்ன நடக்கும்? ஒண்ணே ஒண்ணு நடக்கும். பொண்ணு வருவாங்க."

கிழவர் தன் வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் போட்டிருக்கலாமேப்பா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "தின்னாமலே தீர்ந்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ வாங்கிட்டு வந்ததை எப்படித் தூக்கிப் போடறது? உங்கிட்டப் பொய் வேற சொல்லணும்."

"சும்மாவே கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். என்ன விஷயம்னு கேட்டே." அவர் யோசித்தார். "ஒரு விஷயமும் இல்ல. போனை வெச்சிட்டேன்."

அவள் தலை குனிந்தது. அவர் மனைவி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றது. மகள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"போலீஸை விடுங்க," என்றார் துப்பறிவாளர். "டாக்டர்கிட்ட இந்த டப்பியைக் காட்டுங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்தாகணும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு சீராகிற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

அவசரம் வண்டி பிடிக்க ஓடினார்.

கிழவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "எத்தனை நாள் பக்கத்துல இருக்கணுமாம்?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் பயம் இல்லை. நிறைய நாள் என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தார்.