காற்றோடு போகாதது

ரேடார் திரையில் அந்தப் புள்ளி மட்டும் காற்றோடு போகவில்லை. வடதுருவத்துக்குக் கிட்ட, நோர்வேயின் பனிமலை ஒன்றில் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் ரேடார் அது; முகிலும் பனித்தூளும் எந்தக் காற்றில் எங்கே போகின்றன என்று அது காட்டுவதை யசோதரா சுவிஸில், பூம்ப்ளிஸ் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தே கவனிப்பாள். ஜன்னலுக்கு வெளியே நடுப்பகலிலும் மூடுபனி, கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை இயந்திரத்தின் உறுமல், அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் மணம். புள்ளியோ அறுநூறு மீற்றர் உயரத்தில், புயற்காற்றின் நடுவே, ஆணி அடித்ததுபோல நின்றது.

காற்றோடு போகாத எதையும் குப்பை என்று திரையிலிருந்து அழிக்கும் வடிகட்டியை எழுதியவள் அவள்தான். இன்று திருத்துவதற்காக அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

வாட்ஸ்அப்பில் அழைப்பு. அந்த ரேடார் நிலையத்தில் தனியாக வேலை பார்க்கும் தம்பி சாயிசன்.

“அக்கா, அன்டெனாவைப் பனி மூடீட்டுது. தட்டிவிடப் போறன். மேலை ஏதும் தெரியுதோ? ஒரு மாதிரிச் சத்தம் கேக்குது.”

அவளுக்கு எரிச்சல் வந்தது. சலவை அறையில் அவளுடைய முறை முடியப்போகிறது. உடுப்பை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வரிந்துகட்டிக்கொண்டு வருவாள்.

“ஒண்டுமில்லை. பறவையாக்கும். கெதியாத் தட்டிப்போட்டு வா.”

காதில் இயர்ஃபோனோடு, அழைப்பை வெட்டாமலே அவன் வெளியே போனான். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் குளிரில் அங்கே பறவை ஏது?

புள்ளி இறங்கியது. நானூறு. இருநூறு. பனியில் சப்பாத்து புதையும் சத்தம், அவன் மூச்சு, அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு.

“தம்பி, உள்ளுக்குப் போ! ஓடு!”

“என்னக்கா?” என்றான். பிறகு அலறினான்.

புள்ளி மேலே ஏறியது. இப்போது இரண்டு. ஒட்டிக்கொண்டு. சிறியது துடித்தது.

“அக்கா, விடச் சொல்லு... என்ரை கை...”

எண்ணூறு. ஆயிரம். சிறியதிலிருந்து ஒரு துண்டு பிரிந்தது. கீழே விழுந்தது.

யசோதராவால் பார்க்க முடியவில்லை. வடிகட்டியை மறுபடி இயக்கினாள். திரை சுத்தமானது. காற்று மட்டும்.

“அக்கா...” அவன் இன்னும் சாகவில்லை. “என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறியோ?”

“ஓமடா,” என்றாள் வெறும் திரையைப் பார்த்து. “பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

மற்ற மூச்சு, அதைக் கேட்டதுபோல, ஒரு கணம் நின்றது.